மாமாவை நேபாளத்துக்கு அனுப்பிய அத்தை

மஸ்கட்டிலிருந்து கிளம்பும்போது விடுமுறைக்கு நான் போட்டு வைத்திருந்த திட்டம் மிக எளிமையானது. தூத்துக்குடியில் அம்மா கையால் மீன் குழம்பு. பல் டாக்டர். பிறகு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, மனைவி சுமதியோடு குன்னூரில் அவள் பிறந்த வீட்டுக்குப் போய் நான்கைந்து நாள் கம்பளிக்குள் சுருண்டு தூங்குவது. நடுவில் கேரள எல்லையிலுள்ள நாடுகாணி வரை போய் ஒரு பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியதுமே சுமதி என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். நான் கடற்கரைக்காரன். மஸ்கட்டிலும் மலை உண்டு, ஆனால் அது தன் பாட்டுக்கு மொட்டையாகத் தூரத்தில் நிற்கும். நம்மைக் கூப்பிட்டு வளைத்து வளைத்துச் சுற்றாது. மூன்றாவது வளைவிலேயே எலுமிச்சை முழுதும் முகர்ந்து தீர்ந்துவிட்டது. பின் சீட்டில் ஒரு புது மாப்பிள்ளை தன் மனைவியிடம், "வெளிய பாருடி, எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

குன்னூர் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா வரவேற்றார். புகைப்படத்தில்தான். மாலைக்குள் இருக்கும் படங்களில் மனிதர்கள் வழக்கமாக ரேஷன் கார்டுக்கு நிற்பதைப் போல நிற்பார்கள். என் மாமனார் ராமசாமி ஹெல்மெட்டோடு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். வேறு படம் கிடைக்கவில்லையாம். எல்லாப் படத்திலும் ஏதாவது ஒரு வண்டியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மாமாவின் அப்பா அவிநாசிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறி வந்தவர். மாமா தோட்டத்துக்குப் போகாமல் ஒரு பேக்கரியில் டிரைவராகச் சேர்ந்தார். குன்னூரில் விடியற்காலையில் வர்க்கியும் பிரெட்டும் பன்னும் ஏற்றி, ஊட்டி, பைக்காரா, கூடலூர் என்று கடை கடையாக இறக்கிக்கொண்டு நாடுகாணி வரை போய் இருட்டுவதற்குள் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வண்டியில் காலி டிரேக்களைக் கவிழ்த்துப் போட்டு மகள்கள் இருவரையும் உட்காரவைத்து எங்காவது கூட்டிப்போவார். சின்ன வயதில் காடு என்றாலே பன் வாசம் வரும் என்று நினைத்திருந்ததாகச் சுமதி சொல்வாள்.

பெண் பார்க்கப் போன அன்று, பஜ்ஜி தட்டு காலியாவதற்குள் என்னைத் தோளில் தட்டி, "வாங்க மாப்பிள்ளை, ஒண்ணு காட்டறேன்" என்று வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்குள் இட்டுச் சென்றார். காட்டெருமை. கைநீட்டினால் தொடலாம் போலிருந்தது. "ஓடாதீங்க, கூச்சப்படும்" என்றார். ஓடுவதற்கு எனக்குக் கால் எங்கே இருந்தது? அசையாமல் நின்றதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பி, "மாப்பிள்ளை தங்கம்" என்று அறிவித்துவிட்டார்.

மஸ்கட்டுக்கு ஒரு முறை வந்தார். வந்த வாரமே காணவில்லை. போலீசுக்குப் போகலாமா என்று நானும் சுமதியும் கை பிசைந்துகொண்டிருக்கையில், ஒரு கையில் பெரிய சூரை மீனும் மறு கையில் செருப்புமாக வந்து நின்றார். மொழி தெரியாத மீனவர்களோடு படகில் போயிருக்கிறார். "பேசறதுக்கு என்ன மாப்பிள்ளை இருக்குது? வலையை இழுன்னா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் கையைக் காட்டறாங்க."

எங்கே போனாலும் வீட்டுக்கு ஏதாவது கொண்டுவருவார். மயிலிறகு, வழுவழுப்பான கூழாங்கல், சட்டைப் பையில் நசுங்கிய கொய்யா. அத்தை மட்டும் அவரோடு எங்கும் போனதில்லை. "எல்லாரும் சுத்தப் போயிட்டா ஊட்டுல வெளக்கு வெக்கறது யாருங்க?" என்பார்.

போன வருடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் குன்னூர் சேர்ந்த அன்று மாலை, வர்க்கியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தபோது மாமாவின் போன் அடித்தது. அத்தை திடுக்கிட்டு எடுத்தார். நாடுகாணியிலிருந்து ஆமினா. மாமாவின் உயிர் நண்பர் அலவியின் மனைவி. அலவிக்கா அங்கே டீக்கடை வைத்திருந்தவர். மாமாவின் வண்டி தினமும் கடைசியாக நின்றது அவர் கடை வாசலில்தான். இருவரும் ஒரே பைக்கில் கன்னியாகுமரி வரை போய் வந்தவர்கள். பேசி முடித்த அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க" என்றார்.

மாமா இறந்த அதே வாரம் அலவிக்கா கோழிக்கோட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார், நெஞ்சில் ஆபரேஷன். அதிர்ச்சியான செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கொஞ்ச நாள் மறைத்துவிடுங்கள் என்று ஆமினா கேட்டுக்கொண்டார். பிறகு அலவிக்கா நிலம்பூரில் மகள் வீட்டில் படுத்திருந்தார். படுத்தபடியே மாமாவின் போனுக்குக் கூப்பிடுவார். முதல் தடவை அத்தை, "குளிக்கறாருங்க" என்றார். அடுத்த தடவை, "பழனிக்கு நடந்து போயிருக்காருங்க, போனை மறந்து வெச்சுட்டாரு." மாமா போனை மறப்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. அலவிக்கா நம்பினார். அப்புறம் ராமேஸ்வரம். அப்புறம் கோவா.

"கோவாவா? எதுக்கு அத்தை கோவா?"

"ராமேஸ்வரத்துல எத்தனை நாளைக்குத்தான் மாப்பிள்ளை வெச்சிருக்கறது?"

வேறொரு மனிதராக இருந்தால் இந்தப் பொய் ஒரு வாரம் தாங்கியிருக்காது. மாமாவைப் பற்றியது என்பதால் ஒரு வருடமாக ஓடியிருக்கிறது. கடைசியாக அத்தை அவரைப் பைக்கில் நேபாளத்துக்கு அனுப்பியிருந்தார். ஊட்டியைத் தாண்டியறியாத அத்தை, என் மகள் விட்டுப்போன பள்ளி அட்லஸைப் பார்த்து வழி சொல்லியிருக்கிறார்.

இப்போது அலவிக்கா உடம்பு தேறி நாடுகாணிக்கே திரும்பிவிட்டார். இனி அந்தச் சாலையில் போகிற எந்த டிரைவரும் ஒரு வார்த்தையில் உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம். அதைவிட மோசம், அவர் கோபத்தில் இருந்தார். நேபாளம் இருவரும் சேர்ந்து போவதாகப் பேசிவைத்திருந்த இடமாம். "என்னைப் படுக்கையில விட்டுட்டு அவன் மட்டும் போனானா? நேர்ல போய் நாலு கேள்வி கேட்கறேன்" என்று பஸ் ஏறத் துடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு இங்க வந்து இந்தப் படத்தைப் பார்த்தார்னா?" என்று கேட்டார் அத்தை. காலையில் நாங்களே போவதென்று முடிவாயிற்று.

மறுநாள் வாடகைக் காரில் கிளம்பினோம். கேத்தி தாண்டுவதற்குள் கார் முனகி நின்றது. டிரைவர் இறங்கி, குனிந்து, நிமிர்ந்து, "கிளட்ச் போயிருச்சுங்க" என்று இரங்கல் செய்தி வாசிப்பது போல் சொன்னார். கீழே பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்டும் முட்டைக்கோசும் பாத்தி பாத்தியாகப் பச்சை. மஸ்கட்டில் ஒரு கட்டுக் கீரைக்கு நான் எத்தனை கடை ஏறி இறங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று வந்தது. ஓட்டிவந்தவர் ஒரு படகர், விவசாயி. அத்தையை உற்றுப் பார்த்து, "பிரெட் வண்டி அண்ணன் ஊட்டம்மாதானுங்க நீங்க? சாவுக்கு வந்திருந்தேனுங்க" என்றார். அத்தையும் சுமதியும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். நான் மூட்டை மேல். ஒரு சௌகரியம், காற்றில் குமட்டல் வரவில்லை. அவர் வழியெல்லாம் போனில் படக மொழியில் யாரையோ சமாதானம் செய்துகொண்டு வந்தார். என்ன பேசினார் என்று சுமதி பிறகு மொழிபெயர்த்தாள்: "சோத்துக்கு வர நேரமாகும். முக்கியமான ஆளுங்க வண்டியில இருக்காங்க. ஒருத்தர் மேல உக்காந்து கேரட் தின்னுட்டு வர்றாரு."

ஊட்டியில் இறக்கிவிடும்போது அவர் சொன்னார்: "ஒரு மழைக்கு மண்ணு சரிஞ்சு ரோடு மூடிருச்சுங்க. ரெண்டு பஸ்ஸு நடுவுல மாட்டிக்கிச்சு. கைக்குழந்தையெல்லாம் பசியில அழுகுது. அண்ணன் டிரேயைத் தலையில வெச்சுக்கிட்டு அந்தச் சேத்துல இறங்கி நடந்தாருங்க. அத்தனை பிரெட்டும் குடுத்துட்டாரு. முதலாளி திட்டப் போறாருன்னு நான் சொன்னேன். 'அவரு வந்தா அவருக்கும் ரெண்டு குடுக்கலாம் வா'ன்னாருங்க."

அத்தைக்கு இது புதிய செய்தி. "எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார். "சட்டையெல்லாம் சேறா வந்து நின்னாரே, அன்னிக்கா? நான் வேற திட்டினேன்."

ஊட்டி பஸ் நிலையத்தில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். கண்ணில் தண்ணீர் வரும் குளிரில் கண்ணில் தண்ணீர் வரும் மிளகாய். இரண்டும் சரிக்குச் சரி. கூடலூர் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஊர் முடிந்ததும் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். புல்மேடு, கற்பூர மரங்கள், பனிமூட்டம், திடீரென்று ஒரு துண்டு வெயில், மறுபடி பனிமூட்டம்.

"இதத்தான் தெனமும் பார்த்துட்டு வந்தாரா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "நான் அவரு வேலைக்குப் போறாருன்னு பாவப்பட்டுட்டு இருந்தேன்."

கிளென்மார்கன் பிரிவில் ஏறிய ஓர் அம்மாள் என் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். சின்ன வயதில் குடும்பத்தோடு சிலோனிலிருந்து வந்தவராம், பேச்சில் இன்னும் அந்த வாடை இருந்தது. "தம்பி, பைக்காராவில பஸ் நிக்கும். இறங்கி வெறும் தேத்தண்ணி குடிங்க, இஞ்சி போட்டு. பால் வேணாம். கீழ இன்னும் வளைவு கிடக்கு" என்றார். குடித்தேன். அந்த அம்மாள் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு. கூடலூர் வரை என் வயிறு என்னுடையதாகவே இருந்தது.

ஆனால் பைக்காராவில் அத்தை பஸ்ஸில் திரும்ப ஏற மறுத்தார். "அவரு குளிப்பாரே, அந்தத் தண்ணியப் பார்க்கணும்." பஸ் போய்விட்டது. பார்த்தோம். குளிர்காலத்தில் மாமா அதில் இறங்கிக் குளித்துவிட்டு, உதடு நீலமாக, "சூடாத்தான் இருந்துச்சு" என்று வந்து நிற்பாராம். அடுத்த பஸ் வந்தது. அத்தைக்கு இன்னொரு டீ வேண்டியிருந்தது. அதற்கடுத்த பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்றார். சுமதி என்னைத் தனியாக அழைத்து, "அம்மாவுக்குப் பயம், வேறொண்ணுமில்லை" என்றாள்.

கூடலூர் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. "இந்நேரத்துக்கு ஒருத்தர் ஊட்டுக்குப் போய் இதையா சொல்றது? காலையில போலாம்" என்றார் அத்தை. லாட்ஜில் தங்கினோம். மலை இறங்கிவிட்டதால் ஸ்வெட்டரைக் கழற்றினோம். தமிழோடு மலையாளம் கலந்து காதில் விழ ஆரம்பித்தது. மஸ்கட்டில் என் அறைத் தோழர்களாலேயே எனக்கு அது பாதித் தாய்மொழி. பொரோட்டா சொன்னேன். அத்தை பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்.

"'அண்ணா, ஒரு சேதி'ன்னு ஆரம்பிக்கட்டுமா? இல்ல, 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டு... அவரு நல்லா இருக்கேன்னு சொன்னப்பறம் எப்படிச் சொல்றது?" கடைசியில் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லிருங்க."

வளைகுடாவில் கணக்குப் பார்க்கிறவனுக்கு இது எந்தப் படிப்பில் வருகிறது என்று தெரியவில்லை. சரி என்றேன்.

மறுநாள் காலை நாடுகாணி. சாலை ஓரத்தில் மூடிய டீக்கடை, அதன் பின்னால் ஓட்டு வீடு. வாசலில் நின்றால் கீழே நிலம்பூர்க் காடு நீலமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் மப்ளரோடு அலவிக்கா உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தார், சாலை வரைக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவன் வரலியா? வரமாட்டான். எந்த மூஞ்சிய வெச்சிட்டு வருவான்?"

ஆமினா கதவருகே வந்து நின்றார், கையில் கரண்டியோடு. சுமதி என் முழங்கையைக் கிள்ளினாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"அலவிக்கா, மாமா வந்து..."

"நீ அவனுக்கு வக்காலத்து வாங்காதே மோனே. நேபாளம் நாங்க ரெண்டு பேரும் போகவேண்டிய இடம். எனக்கு நெஞ்சைக் கீறித் தச்சுப் போட்டிருக்கு, அவன் ஜாலியா..."

  அத்தை என்னை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் போய், அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணா, அவரு நேபாளத்துக்குப் போகலீங்க."

"பின்னே? பூட்டானா?"

"எங்கயும் போகலீங்கண்ணா. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்கல்ல, அந்த வாரமே... தூக்கத்துலயே போயிட்டாருங்க. உங்க உடம்புக்கு ஆகாதுன்னு நான்தான் பொய் சொன்னேன். அத்தனையும் நான் சொன்னதுங்க."

அலவிக்கா அத்தையையே பார்த்தார். சாலையில் ஒரு மர லாரி மூச்சிரைத்து ஏறிப் போனது. 

"கோவா?" என்றார்.

"போகலீங்க."

"ராமேஸ்வரம்?"

"இல்லீங்க."

"அப்போ என்னை விட்டுட்டு அவன் எங்கேயும் போகலியா?"

அத்தை இல்லை என்று தலையாட்டினார். அலவிக்காவின் முகத்தில் ஒரு கணம் வந்து போனது நிம்மதி என்றுதான் சொல்வேன். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. மறு கணம்தான் அவருக்கு முழுதும் உறைத்தது. "இன்னாலில்லாஹி..." என்று முணுமுணுத்தார்.  எழுந்து, ஆமினாவைப் பார்த்து, "நினக்கும் தெரியுமா?" என்று கேட்டார். ஆமினா தலைகுனிந்தார். அலவிக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆமினா கதவில் காதை வைத்துக் கேட்பதும், வந்து உட்காருவதும், மறுபடி போவதுமாக இருந்தார். மாத்திரை வேளை தாண்டிப் போயிற்று. அத்தை, "ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எப்படித் தாங்குவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரி என்னும் அரிசி ரொட்டியும் கோழிக்கறியும் அடுப்பில் மணத்துக்கொண்டிருந்தன, அந்த நேரத்தில் எனக்குப் பசித்தது என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

கதவு திறந்தது. அலவிக்கா முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. தண்ணீர் வாங்கி மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அத்தைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார், இந்த முறை அவரும் தரையில்.

"பெங்ஙளே," என்றார். தங்கச்சி என்று அர்த்தம். "போன தடவை பேசறப்போ என்ன சொன்னீங்க? மலையில ஒரு பாலம், நடுவுல அவன் பைக் நின்னுபோச்சுன்னு சொன்னீங்க. ஞான் அதைப் பத்தியே நினைச்சிட்டு இருந்தேன். அப்புறம் எப்படிக் கிளம்பினான்?"

அத்தை விழித்தார். "அதுக்கப்பறம் நான் யோசிக்கலீங்கண்ணா."

"மழையா அங்கே?"

"மழைன்னுதான் சொன்னேன்னு நினைக்கறேன்."

"அப்போ பிளக்ல ஈரம். கழட்டித் துடைச்சு மாட்டினாப் போதும். அவனுக்கு அது தெரியும், கன்னியாகுமரிக்குப் போறப்போ ஞான்தான் காட்டிக் கொடுத்தேன்." கையால் துடைத்து மாட்டிக் காட்டினார். "ஸ்டார்ட் ஆயிருச்சு. இனி மலை இறங்கணும். எந்த வழி?"

"காசி வழியா வரட்டுமுங்க," என்றார் அத்தை. "கங்கையில குளிக்காம வருவாரா?"

"குளிச்சிட்டு, சூடாத்தான் இருந்துச்சுன்னு சொல்வான், கள்ளன்."

சுமதி சிரித்துவிட்டாள். அவளும் சேர்ந்துகொண்டாள். நாக்பூரில் அப்பா ஆரஞ்சு வாங்காமல் வரமாட்டார், சட்டைப் பையில்தான் வைப்பார், நசுங்கிப்போகும் என்றாள். ஹைதராபாத்தில் பிரியாணிக்கு நிறுத்தினேன் நான். பெங்களூரில் டயர் பஞ்சர் என்றார் ஆமினா. ஏன் என்று கேட்டதற்கு, அவ்வளவு தூரம் பஞ்சரே ஆகாமல் எப்படி வரும் என்று திருப்பிக் கேட்டார். மைசூர், பந்திப்பூர். அங்கே யானைக்காகக் காத்திருந்தாக வேண்டும், அவசரப்படக்கூடாது என்று அலவிக்கா கறாராகச் சொன்னார். காத்திருந்தோம். அது சாலையைக் கடந்து போயிற்று. மசினகுடி. கல்லட்டி ஏற்றத்தில் பைக் திணறியது. ஊட்டி. கேத்தி.

"குன்னூர்," என்றார் அத்தை. "வந்துட்டாருங்கண்ணா." அப்புறம்தான் அழுதார். சத்தம் போட்டு, மூச்சு வாங்க. ஆமினா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அலவிக்கா காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தையின் அழுகை ஓய்ந்தபின் அவர் சொன்னார்: "இனி அவனை எங்கேயும் அனுப்ப வேண்டாம் பெங்ஙளே. வந்தவன் வீட்டிலேயே இருக்கட்டும்."

"சரிங்கண்ணா," என்றார் அத்தை. ஆமினா பத்திரித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். முதல் பத்திரியைப் பிய்த்து எடுத்தவர் அத்தைதான்.